பார்வையும் பரிகாரமும்

ஆயுத பூஜைத் திருநாளன்று மலைநாட்டுத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றினுள் நுழைந்து பார்த்தவர்க்கு ஓர் இனிய காட்சி கிடைக்கும். ஆண்டு முழுவதும் ஓய்வறியாது சுழலும் இயந்திரங்கள் அன்று அடங்கி நிற்கும். கொழுந்து அரைக்கும் உருளைகளும், தூளைப் பிரிக்கும் சல்லடைகளும், உலர்த்தும் அடுப்பும் துடைத்துத் துலக்கப்பெற்றுச் சந்தனமும் குங்குமமும் பூண்டு மாலையுடன் விளங்கும். கவ்வாத்துக் கத்தியும் மண்வெட்டியும் முள்ளும் கழுவப்பெற்று ஒருபுறம் வரிசையாய் அமர்ந்திருக்கும். வழிபாட்டின் பெயரால் நிகழும் இச்சடங்கினுள்ளே அருமையான தொழில்நெறி ஒன்று அடங்கிக் கிடப்பதை நாம் ஊன்றி நோக்குவதில்லை. துணியும் கையுமாக ஓர் இயந்திரத்தை மூலை முடுக்கெல்லாம் துடைப்பவன் கண்ணுக்குத் தளர்ந்துபோன ஆணியும், நைந்துபோன வார்ப்பட்டியும், எப்பொழுதோ கழற்றி வைக்கப்பட்டு மீண்டும் மாட்டப்படாத காப்பு மூடியும் தப்பமாட்டா. நம் முன்னோர் இதனைப் பரிசோதனை என்று பெயரிட்டு அழைக்கவில்லை, பூசை என்றனர்.

ஆயினும் ஆண்டில் ஒரு நாள் போதுமோ? தளர்கின்ற ஆணி நவராத்திரி வரும்வரை பொறுத்திருப்பதில்லை. விடியற்காலையில் இருமிய அடுப்பு மாலையில் வெடிக்கலாம். ஆகவேதான் வேலைத்தலம் எதுவாயினும், அதனைக் குறித்த கால இடைவெளியில், குறித்த முறையில், அதற்கென்றே பொறுப்பேற்ற ஒருவர் சுற்றிப் பார்த்தல் வேண்டும் என்னும் கொள்கை உலகெங்கும் ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கிறது. இவ்வாரம் அதுபற்றியே சிறிது சிந்திப்போம்.

இக்கொள்கை எளிதில் பிறந்ததன்று. இங்கிலாந்தில் பஞ்சாலைகள் பெருகிய காலத்தில் ஏழு எட்டு வயதுக் குழந்தைகள்கூட அவற்றில் உழைத்தனர். அவர்களைக் காக்க 1802 ஆம் ஆண்டிலும் 1819 ஆம் ஆண்டிலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. ஆனால் அச்சட்டங்கள் ஏட்டிலேயே உறங்கின. காரணம், ஆலைக்குள் சென்று பார்க்கும் அதிகாரமும் கடமையும் கொண்ட முழுநேர அலுவலர் எவரும் நியமிக்கப்படவில்லை. 1833 ஆம் ஆண்டுச் சட்டமே முதன்முறையாக நாடு முழுமைக்கும் நான்கு பரிசோதகர்களை நியமித்தது. ஆயிரக்கணக்கான ஆலைகளுக்கு நால்வர்! இன்று கேட்டால் நகைப்பு வரும். எனினும் அந்நால்வருள் ஒருவராகிய லெனார்ட் ஹோர்னர் ஏறத்தாழக் கால் நூற்றாண்டு காலம் ஆலை ஆலையாகச் சென்று எழுதிய அறிக்கைகள் நாட்டின் மனச்சாட்சியை உறுத்தின. 1844 ஆம் ஆண்டில் இயந்திரங்களைச் சுற்றி வேலியிடுதல் கட்டாயமாயிற்று. ஓடும் இயந்திரத்தைக் குழந்தைகளைக்கொண்டு துடைப்பித்தல் தடுக்கப்பட்டது. ஆக, சட்டத்தை உயிர்ப்பித்தது தண்டனையைவிடவும், நேரில் சென்று கண்ட ஒருவர் எழுதிய எழுத்தே எனலாம்.

அவ்வழியில் வந்ததே இலங்கையின் 1942 ஆம் ஆண்டு 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம். இயந்திரங்களின் ஆபத்தான பகுதிகள் பாதுகாப்பாக மூடப்பட்டிருத்தல் வேண்டும் என்றும், கொதிகலன், பாரந்தூக்கி முதலியவை குறித்த காலத்துக்கொருமுறை தகுதி பெற்றவரால் ஆராயப்படுதல் வேண்டும் என்றும் அது விதிக்கின்றது. தொழில் திணைக்களத்தின் பரிசோதகப் பொறியியலாளர்கள் இதனை நடைமுறைப்படுத்துகின்றனர். அதற்கும் முன்னதாகவே 1934 ஆம் ஆண்டில் வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வந்துவிட்டது. கை போனபின் பணம் கொடுக்கும் சட்டம் முன்னர் வந்தது. கை போகாமற் காக்கும் சட்டம் எட்டாண்டு கழித்து வந்தது. இந்த வரிசை மாறியிருந்தால் எத்துணை நன்றாயிருந்திருக்கும் என்று எண்ணாதிருக்க இயலவில்லை.

சர்வதேசத் தொழிலாளர் தாபனம் 1947 ஆம் ஆண்டில் நிறைவேற்றிய 81 ஆம் இலக்கத் தொழிற் பரிசோதனைச் சமவாயத்தை இலங்கை 1956 ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. அதிலே ஒரு விதி நம் கருத்தைக் கவர்கின்றது. பரிசோதகர் முன்னறிவித்தலின்றி, பகலோ இரவோ, எந்நேரத்திலும் வேலைத்தலத்தினுள் நுழையலாம் என்பதே அவ்விதி. இதன் அருமை ஆசிரியத் தொழில் புரியும் எம்போன்றோர்க்கு நன்கு விளங்கும். பாடசாலைப் பரிசோதகர் இன்ன தேதியில் வருகிறார் என்று கடிதம் வந்துவிட்டால், அதற்கு முந்திய மூன்று நாட்களில் எத்தனை சுவர்களுக்குச் சுண்ணாம்பு ஏறுகின்றது! எத்தனை ஒட்டடைகள் விடைபெறுகின்றன! ஆய்வுகூடத்துத் தீயணைப்பு வாளியில் மணல் நிரம்புகின்றது. மாணவர்கள்கூட அன்று தலை வாரி வருகின்றனர். வந்தவர் பார்ப்பது பாடசாலையை அன்று. பாடசாலையின் கல்யாணக் கோலத்தை. அறிவித்து வரும் பரிசோதனைக்கும் ஒரு பயன் உண்டு, சுவராவது வெள்ளையாகின்றதே! ஆனால் அறியாமல் வருவதற்கு அது ஈடாகாது.

நிற்க. தொழிற்சாலைச் சட்டம் என்றதும், தோட்டத்திலே அது காக்கும் இடம் எது என்று கேட்டல் வேண்டும். ‘ஸ்டோர்’ என்று நம் மக்கள் வழங்கும் தேயிலைத் தொழிற்சாலையே அது. சேலை முந்தானை சிக்கும் சுழல்தண்டு, விரல் நசுங்கும் உருளை, நெருப்புப் பொறி பறக்கும் அடுப்பு, மூச்சடைக்கும் தேயிலைத் தூசி ஆகிய யாவும் அந்தக் கூரையின் கீழ் உள்ளன; சட்டத்தின் கண்ணும் அந்தக் கூரையின் கீழ்தான் சுழல்கின்றது. ஆனால் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பான்மையோர் கூரையின் கீழா வேலை செய்கின்றனர்? பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டுக் கூடையுடன் மலையேறும் நம் தாய்மார்க்கு வேலைத்தலம் அந்தச் சரிவேயாகும். வேளாண்மைத் துறைக்கெனத் தனியான பரிசோதனைச் சமவாயம் ஒன்று உலக அரங்கில் தோன்ற 1969 ஆம் ஆண்டுவரை, அதாவது மேலும் இருபத்திரண்டு ஆண்டுகள், காத்திருக்க நேர்ந்தது. கூரையுள்ள வேலைக்கும் கூரையற்ற வேலைக்கும் இடையே இத்துணைத் தூரம்!

மலையிலே பார்ப்பதற்கு என்ன இருக்கின்றது என்று சிலர் வினவுவர். குளவி இருக்கின்றது. கொழுந்து பறிக்கும் பெண்கள் குளவிக் கொட்டுக்கு இலக்காகி வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டனர் என்ற செய்தி நம் பத்திரிகைகளில் வராத மாதம் அரிது, உயிரிழப்புகளும் நேர்ந்துள்ளன. குளவி வானத்திலிருந்து குதிப்பதில்லை. நிழல் மரக் கிளையிலோ பாறை இடுக்கிலோ கூடு கட்டி, நாளுக்கு நாள் அதனைப் பெருக்கி, நம் கண்ணெதிரேதான் வாழ்கின்றது. அன்று எந்த மலையில் கொழுந்தெடுக்கவேண்டுமோ அந்த மலையை, ஆட்கள் இறங்குமுன் ஒருவர் சுற்றிப் பார்த்து, கூடு இருந்தால் அந்த நிரையை விலக்கிவிடுதல் பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று. வழுக்கும் படிக்கட்டு, மூடப்படாத குழி, மருந்தடிப்பவரின் ஒழுகும் தெளிகருவி, பழுதுபட்ட பாலம் ஆகியவையும் அவ்வாறே. கங்காணிமாரும் கணக்கப்பிள்ளைமாரும் கொழுந்தின் நிறையை நாள்தோறும் எழுதுகின்றனர். இவற்றையும் அதே கையால் எழுதலாம்; ஏடு மட்டுமே வேறு.

மேலும், தோட்டத்திலே வேலைத்தலமும் வாழிடமும் வெவ்வேறல்ல. நகரத்துத் தொழிலாளி மாலையில் ஆலை வாயிலைத் தாண்டியதும் முதலாளியின் எல்லையைத் தாண்டிவிடுகிறான். தோட்டத் தொழிலாளி தாண்டுவதில்லை. அவன் உறங்கும் லயமும், லயத்தின் பின்னாலுள்ள மண்மேடும், அம்மேட்டின் மேலே ஓடும் கானும் தோட்டத்துக்கு உரியவையே. ஆகவே ‘வேலைத்தலப் பாதுகாப்பு’ என்பதை நம் மலைநாட்டில் லயத்தின் பின்சுவர்வரை நீட்டிப் பொருள்கொள்ள வேண்டியவராகின்றோம். இங்ஙனம் பொருள்கொள்ளாமையால் விளைந்த பேரிழப்பொன்றை இனிக் கூறுவோம்.

பெரகலச் சந்தியை அறியாத ஊவா மக்கள் இலர். கொழும்பிலிருந்து இரத்தினபுரி வழியாக வரும் பெருந்தெரு அல்துமுல்லையைக் கடந்து அங்கே மேலேறி வந்து இரண்டாய்ப் பிரிகின்றது. ஒரு கிளை அப்புத்தளை, பண்டாரவளை வழியாக ஹாலி எல நோக்கிச் செல்லும். மற்றது கொஸ்லந்தை வழியாகத் தியலும நீர்வீழ்ச்சியின் அருகே வெல்லவாய நோக்கி இறங்கும். ஒருபுறம் வானளாவிய மலைச்சுவர், மறுபுறம் பாதாளம். மூடுபனி இறங்கினால் இரண்டும் தெரிவதில்லை. அந்த இரண்டாங் கிளையில் சென்றால் வருவது கொஸ்லந்தை; அதன் மேலே மலைச்சரிவில் இருந்தது மீரியபெத்தைத் தோட்டத்தின் லயக்குடியிருப்பு.

2014 ஆம் ஆண்டு அக்டோபர் 29 ஆம் திகதி, புதன்கிழமை. தீபாவளி கழிந்து ஒரு வாரமே ஆகியிருந்தது. காலை ஏழரை மணியளவில் மலை பெயர்ந்து இறங்கியது. லய வரிசைகளும், கோவிலும், மனிதரும், மாடுகன்றுகளும் சேற்றின் கீழ்ப் புதையுண்டன. முதலில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர் என்று செய்தி பரவியது. பின்னர் கணக்கெடுத்தபோது உயிரிழந்தோரும் காணாமற்போனோருமாக முப்பதுக்கும் மேற்பட்டோர் என்று தெரியவந்தது. பலருடைய உடல்கள் கிடைக்கவேயில்லை. பாடசாலைக்குப் புறப்பட்டுப் போய்விட்ட பிள்ளைகள் பலர் உயிர் தப்பினர். திரும்பி வந்தபோது அவர்களுக்கு வீடு இருந்த இடம் தெரியவில்லை. சிலருக்குப் பெற்றோரும் இல்லை.

இஃது இயற்கையின் சீற்றம், யார் என்ன செய்ய முடியும் என்று கூறி அமைந்துவிடலாமா? அமைய முடியாதவாறு ஓர் உண்மை குறுக்கே நிற்கின்றது. அந்த இடம் பரிசோதிக்கப்படாத இடமன்று. 1984 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிஞர்கள் அந்தச் சரிவைப் பார்த்திருந்தனர். அது நழுவக்கூடிய நிலம் என்று கண்டிருந்தனர். மக்களை அங்கிருந்து அகற்றுதல் வேண்டும் என்று 2005 ஆம் ஆண்டில் ஒருமுறையும் 2011 ஆம் ஆண்டில் மீண்டும் ஒருமுறையும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. ஒன்பது ஆண்டுகளும் மூன்று ஆண்டுகளும் அந்த எச்சரிக்கைகளுக்கு வயதாகியிருந்தபோது மலை இறங்கியது.

‘சொன்னார்களே, அவர்கள் ஏன் போகவில்லை?’ என்று அக்காலத்தில் நகரத்து நண்பர் சிலர் எம்மிடம் கேட்டதுண்டு. எங்கே போவது என்று திருப்பிக் கேட்பதே அதற்கு விடை. லயத்து அறை தொழிலாளிக்குச் சொந்தமன்று. அது நிற்கும் நிலமும் சொந்தமன்று. நிலம் அரசினுடையது, குத்தகை கம்பெனியினுடையது, குடியிருப்பு வேலையோடு பிணைந்தது. அறையை விட்டால் பேர் போடும் வாய்ப்பும் பறிபோகுமோ என்னும் அச்சம் வேறு. மாற்று நிலம் அளந்து, வீடு கட்டி, ‘வாருங்கள்’ என்று கையைப் பிடித்து அழைத்தாலன்றி அம்மக்கள் நகர்வதற்கு வழி எது? நோயாளியிடம் நோயின் பெயரைச் சொல்லிவிட்டு, மருந்துப் பெட்டியின் திறப்பை வேறொருவர் இடுப்பில் செருகிக்கொண்டு போனது போன்றது இது. எச்சரிக்கை யாரிடம் சொல்லப்பட்டதோ அவரிடம் பரிகாரம் செய்யும் ஆற்றல் இல்லை. ஆற்றல் உடையவர் பலர். ஆனால் அவருள் இன்னார்தாம் இன்ன நாளுக்குள் செய்தல் வேண்டும் என்று எழுதப்படவில்லை. பலர் பொறுப்பு எவர் பொறுப்புமன்று என்பது நம் வீட்டுக் கலியாணங்களிலேயே காணும் உண்மையாயிற்றே!

உயிர் தப்பிய குடும்பங்கள் மாக்கல்தெனியவில் இருந்த பழைய தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடமொன்றில் நெடுநாள் தங்கவைக்கப்பட்டன. 2016 ஆம் ஆண்டு அக்டோபரில் அவர்களுக்கு 75 வீடுகள் கையளிக்கப்பட்டன. அழிவு நேர்ந்த பின்னர் ஈராண்டில் நிலமும் கிடைத்தது, வீடும் எழுந்தது. அஃதாவது, அது செய்ய முடியாத காரியமாக ஒருபொழுதும் இருந்ததில்லை.

வேல்ஸ் நாட்டில் அபர்ஃபான் என்னும் நிலக்கரிச் சுரங்கச் சிற்றூர் ஒன்று உண்டு. அங்கும் அக்டோபர் மாதமே. 1966 ஆம் ஆண்டு 21 ஆம் திகதி. சுரங்கக் கழிவைக் கொட்டிக் கொட்டி மலையுச்சியில் எழுப்பிய குன்றுகளுள் ஏழாவது, காலை ஒன்பதேகால் மணியளவில் நழுவி இறங்கிப் பள்ளிக்கூடத்தை மூடியது. மாண்டோர் 144 பேர்; அவருள் 116 பேர் குழந்தைகள். மீரியபெத்தையில் பள்ளிக்குச் சென்ற குழந்தைகள் பிழைத்தனர், வீட்டிலிருந்த பெரியோர் மாண்டனர். அபர்ஃபானில் வீட்டிலிருந்த பெரியோர் பிழைத்தனர், பள்ளிக்குச் சென்ற குழந்தைகள் மாண்டனர். ஊற்றின்மேலே கழிவைக் கொட்டியிருந்தனர் என்பதும், ஆபத்தைச் சுட்டி உள்ளூர் மன்றத்தார் மூன்றாண்டுகளுக்கு முன்னரே கடிதம் எழுதியிருந்தனர் என்பதும் பின்னர் வெளிப்பட்டன. விசாரணை மன்றம் தேசிய நிலக்கரிச் சபையைப் பொறுப்பாளியாகக் கண்டது. கொடுமனம் கொண்டோர் எவருமிலர், அறியாமையும் திறமையின்மையும் செய்தி உரியவரைச் சேராமையுமே இதனை விளைத்தன என்னும் கருத்துப்பட அது தீர்ப்புரைத்தது. 1969 ஆம் ஆண்டில் அத்தகைய கழிவுக் குன்றுகளின் பாதுகாப்புக்கென்றே அந்நாட்டில் தனிச்சட்டம் பிறந்தது.

பார்த்தபின்னும் செய்யாமை எத்துணைக் குறுகிய நேரத்தில் கொல்லவல்லது என்பதற்கு வங்காள தேசத்து ரானா பிளாசா சான்று. 2013 ஆம் ஆண்டு ஏப்ரல் 23 ஆம் திகதி அந்த எட்டு மாடிக் கட்டடத்தின் தூண்களில் வெடிப்புக் கண்டது. பார்வையிட்ட பொறியியலாளர் ஆபத்து என்றார். கீழ்த்தளத்தில் இருந்த வங்கி மறுநாள் தன் ஊழியரை வரவழைக்கவில்லை. மேல்தளங்களிலிருந்த ஆடைத் தொழிற்சாலைகளோ தம் தொழிலாளரை வரவழைத்தன. 24 ஆம் திகதி காலை கட்டடம் இடிந்தது. 1,134 பேர் மாண்டனர். ஒரே சுவர், ஒரே வெடிப்பு, ஒரே எச்சரிக்கை. வங்கி எழுத்தர் பிழைத்தார்; தையற்காரப் பெண் மாண்டாள். இதற்குப் பின்னர் அந்நாட்டில் ஏற்பட்ட உடன்பாட்டில் ஒரு புதுமை உண்டு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆடைத் தொழிற்சாலைகளைச் சுதந்திரமான பொறியியலாளர்கள் ஆராய்ந்தனர். அவ்வறிக்கைகள் யாவரும் படிக்குமாறு வெளியிடப்பட்டன. எந்தக் குறையை எந்நாளுக்குள் தீர்த்தல் வேண்டும் என்பதும் உடன் எழுதப்பட்டது. ஆபத்தான கட்டடத்தினுள் நுழைய மறுக்கும் உரிமையும் தொழிலாளிக்குக் கிடைத்தது. அலுமாரியில் பூட்டிய அறிக்கைக்கும் வாயிற்சுவரில் ஒட்டிய அறிக்கைக்கும் உள்ள வேறுபாடு எம் கருத்தில் மிகப் பெரிது. ஊவாத் தோட்டங்கள் ஒவ்வொன்றிலும், அந்தத் தோட்டத்துச் சரிவுகளைப் பற்றிய அறிக்கை தமிழில் பிரட்டுக்களத்திலேயே ஒட்டப்படுமாயின், அதைப் படித்துச் சொல்ல ஒவ்வொரு லயத்திலும் ஒரு மாணவனாவது மாணவியாவது இன்று இருக்கின்றனர்.

மீரியபெத்தையோடு இது முடிந்துவிடவில்லை. 2023 ஆம் ஆண்டு மார்ச்சில் அண்டையிலுள்ள பூனாகலைக் கபரகலையில் மண்சரிந்து லயங்கள் சிதைந்தன. 2025 ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா என்னும் புயல் நாட்டை உலுக்கி நூற்றுக்கணக்கானோரைப் பலிகொண்டபோது, கடுமையாய்ப் பாதிப்புற்ற மாவட்டங்களுள் நம் பதுளையும் ஒன்றாயிற்று.

அறிஞர்கள் வரும்வரை நாம் கைகட்டி இருத்தல் வேண்டும் என்பதில்லை. மண்சரிவுக்கு முன்னறிகுறிகள் உண்டு. நிலத்திலும் சுவரிலும் புதிய வெடிப்புகள் தோன்றும். நேற்றுவரை எளிதில் மூடிய கதவு இன்று நிலையில் இறுகிக்கொள்ளும். மரங்களும் மின்கம்பங்களும் சாயும். ஊற்றில்லாத இடத்தில் ஊற்றுக் கிளம்பும். இருந்த ஊற்று திடீரென வற்றும். பீலித் தண்ணீர் காரணமின்றிக் கலங்கி வரும். இவற்றைக் காண்பதற்குப் பட்டம் வேண்டியதில்லை. பீலியில் நாள்தோறும் குடம் நிரப்பும் அம்மாவைவிட அந்தத் தண்ணீரை நன்கறிந்த பொறியியலாளர் எவர்? மலையிலுள்ள கான்கள் தூர்ந்து கிடக்கின்றனவா என்பதையும் சேர்த்துப் பார்த்தல் வேண்டும். மழைநீரைச் சரிவுக்குக் குறுக்கே மெல்ல வழிநடத்தி ஓடையிற் சேர்ப்பதற்காக வெட்டப்பட்டவை அவை. கான் தூர்ந்தால் நீர் ஓடாது. ஓடாத நீர் மண்ணுள் இறங்கும். இறங்கிய நீர் மண்ணின் பாரத்தைக் கூட்டுவதோடு மண்துகள்கள் ஒன்றையொன்று பற்றும் பிடியையும் தளர்த்திவிடும். கான் வெட்டும் ஆட்களைக் குறைத்து மிச்சம் பிடிப்பது சிக்கனமாகாது.

மாணவர்கள் செய்யத்தக்க காரியம் ஒன்று உண்டு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழையின் அளவைக்கொண்டே எச்சரிக்கைப் படிகளை வகுத்துள்ளது. இருபத்துநான்கு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு. 100 பெய்தால் எச்சரிக்கை. 150 பெய்தாலோ, ஒரே மணி நேரத்தில் 75 பெய்தாலோ ஆபத்தான இடத்தை விட்டு வெளியேறல். இதனை அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டுமென்பதில்லை. அடி தட்டையாகவும் பக்கங்கள் செங்குத்தாகவும் உள்ள பாத்திரம் ஒன்றைக் கூரையும் மரமும் மறைக்காத வெளியில் வைத்து, நாள்தோறும் காலையில் ஒரே நேரத்தில் அளவுகோலை உள்ளே நிறுத்தி நீரின் ஆழத்தைப் பார்த்துவிட்டுக் கொட்டிவிடுக. வாய் அகன்றதாயினும் குறுகியதாயினும் ஆழம் ஒன்றே. ஏன் என்பதைக் கணித ஆசிரியரைக் கேட்பீராக. ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை ஒரு லீற்றர் நீராகும். ஓர் ஏக்கர் ஏறத்தாழ 4,047 சதுர மீற்றர். ஆகவே 75 மில்லிமீற்றர் மழை பெய்த இரவில் லயத்தின் பின்னாலுள்ள ஒவ்வோர் ஏக்கர் மலையிலும் இறங்கிய நீர் மூன்று இலட்சம் லீற்றருக்கு மேல். நிறையோ முந்நூறு தொன்னுக்கு மேல்! தகரக் கூரையின்மேல் மழை தாளம் போட நாம் போர்வையை இழுத்து மூடும் இரவில் நிகழ்வது இது.

சுவரிலே வெடிப்பு இருந்தால் அதன் இருபக்கமும் ஆளுக்கொன்றாக இரண்டு ஆணிகளை அறைந்து, வாரந்தோறும் அவற்றிடையே உள்ள தூரத்தை அளந்து வருக. தூரம் மாறாதிருந்தால் அது பழைய வெடிப்பு; கூடிக்கொண்டே வந்தால் அது நடக்கும் வெடிப்பு. லயத்தினுள் செல்லும் மின்கம்பிகளையும் இவ்வாறே பார்த்துவிடலாம். தோல் உரிந்த கம்பி, கரிந்த செருகி, விறகடுப்பின் மேலே தொங்கும் இணைப்பு ஆகியவற்றுள் ஒன்றிருந்தாலும் போதும். ஒரே கூரையின் கீழ்ப் பல வீடுகள் கொண்ட லயத்தில் ஒருவர் வீட்டுத் தீ ஒருவரோடு நில்லாது.

இதற்கென ஒரு கொப்பியை ஒதுக்கி ஐந்து கட்டங்கள் கோடிடுக. முதற் கட்டத்தில் திகதி. அடுத்து மழையின் அளவு. மூன்றாவதில் கண்ட குறை. நான்காவதில் அதை யாரிடம், எந்நாளில் சொன்னோம் என்பது. துரையிடமோ, கிராம அலுவலரிடமோ, பிரதேச செயலகத்திலோ சொல்லும்போது வாயாற் சொல்வதோடு நில்லாது கடிதமாகக் கொடுத்து, பிரதி ஒன்றில் கையொப்பம் பெற்றுக்கொள்வது நலம். ஐந்தாங் கட்டம், அவர் செய்தது என்ன, எந்நாளில் என்பதற்குரியது. ஒரு மாதம் கடந்தும் அந்த ஐந்தாங் கட்டம் வெறுமையாயிருப்பின், அதே குறையை அடுத்த பக்கத்தில் புதுத் திகதியிட்டு மீண்டும் எழுதி, முதலிற் சொன்னவர்க்கு மேலே உள்ளவரிடம் இரண்டு கடிதப் பிரதிகளையும் சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுக்க.